பெல்ட்டக்கா மாட்டிய புதுப் பக்கிள்

என் அத்தைக்கு ஹெலிகாப்டர் தளத்தில் வேலை. ஹெல்மெட், மிதவைச் சட்டை, இருக்கை பெல்ட் எல்லாம் அவள் பொறுப்பு. புறப்படும் முன் ஒவ்வொரு விமானியும் அவள் அறையில் பெல்ட் பூட்டிய நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒரே கையால் பக்கிளைக் கழற்றிக் காட்ட வேண்டும். எந்த விதியிலும் இல்லாத, அத்தையின் சொந்தச் சட்டம். "பெல்ட்டக்கா" என்று கேலி செய்துகொண்டே எல்லோரும் கழற்றினார்கள். கேலியில் முதல் ஆள், பயிற்சி கொடுக்கும் மூத்த விமானி.

"ஏக்கா இப்படி இறுக்குறீங்க? நான் என்ன கல்யாண மாப்பிள்ளையா?"

"அந்தக் கட்டுன்னா கழட்டவே முடியாது சார். இதைக் கழட்டலாம். கண்ணை மூடுங்க."

மூன்று வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு நான் திரும்பிய வாரம், இரவுப் பயிற்சியில் ஒரு ஹெலிகாப்டர் ஏரியில் விழுந்தது. மூத்த விமானி இறந்துபோனார். அவரிடம் பயிற்சி பெற்ற இளைஞர் கை ஒடிந்து பிழைத்தார்.

மூத்தவரின் இருக்கைக்கு அன்று மதியம்தான் அத்தை புதுப் பக்கிள் மாட்டியிருந்தாள். அது கழலாமல் சிக்கிக்கொண்டதோ? அந்தக் கேள்வி அவளைத் தின்றது. வேலைக்கும் போகவில்லை. தட்டை முன்னால் வைத்தால் அளைந்துகொண்டே இருப்பாள், வாய்க்குப் போகாது. அடுத்த பயணத்துக்கு அரித்துக்கொண்டிருந்த என் காலும் அந்த வீட்டில் அடங்கிக் கிடந்தது.

விசாரணை முடிய மாதக்கணக்காகும் என்றார்கள். பிழைத்தவரைப் பார்க்க ஆஸ்பத்திரியில் அனுமதித்த அன்றே, "வா அத்தை, அவரையே கேட்டுடலாம்" என்று இழுத்துப் போனேன்.

"தண்ணிக்குள்ள ஒண்ணுமே தெரியலக்கா" என்றார் அவர். "என் கை வேற ஒடிஞ்சுபோச்சு. சார்தான் தடவித் தடவி வந்து என் பக்கிளைக் கழட்டி, வெளிய தள்ளிவிட்டார். அவர் வெளிய வர்றதுக்குள்ள ஹெலிகாப்டர் அடியில போயிடுச்சு."

"அவரோடது கழண்டுச்சா?"

"கழண்டதாலதானேக்கா என்கிட்ட வந்தார்!"

அத்தை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பழக்க தோஷத்தில், அவருடைய ஒடிந்த கையைத் தாங்கிய பட்டையை இழுத்துச் சரிசெய்தாள்.

"ஏக்கா இப்படி இறுக்குறீங்க? நான் என்ன கல்யாண மாப்பிள்ளையா?"

போனவரின் கேலி, இளைஞரின் வாயில். அத்தை வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது.

திரும்பும் பஸ்ஸில் சொன்னாள்: "உயிரைக் குடுத்து அந்தப் பிள்ளையைக் காப்பாத்தினார். கூடவே என்னையும்ல காப்பாத்திட்டுப் போயிருக்கார், மகராசன்."

எத்தனையோ விமானங்களில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு தூங்கியவள் நான். அதைச் சோதித்து வைத்த கைகளை ஒருநாளும் நினைத்ததில்லை. பக்கத்தில் இருந்த கையைப் பிடித்துக்கொண்டேன்.

அன்று அத்தை தட்டை வழித்துச் சாப்பிட்டாள். "காலையில எழுப்பிவிடு" என்றாள். "பசங்க கண்ணைத் திறந்துகிட்டே கழட்டிட்டுப் போயிடுவாங்க."