அப்பாகிட்ட சொல்லிடு

கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடும் ஒருத்தி அந்தக் குணத்தை விட்டுவிட முடியுமா? ஒரு நாள் முடியும் என்று தோன்றுகிறது. மறுநாள், இது குளித்தால் போகிற அழுக்கு இல்லை என்று தோன்றுகிறது.

என் அப்பா அப்படித்தான். மும்பை மாட்டுங்காவில் ஒரு ஹாலும் சமையலறையும் மட்டும் உள்ள வீடு. அம்மாவோடு சண்டை என்றால் அப்பா கத்த மாட்டார், பேச மாட்டார், அவ்வளவுதான். அம்மா இரண்டடி தூரத்தில் தோசை வார்த்துக்கொண்டிருப்பாள். அப்பா என்னைப் பார்த்து, "போதும்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்பார். அம்மாவும் என்னைப் பார்த்தே, "இன்னும் மாவு இருக்குன்னு சொல்லு" என்பாள். நான் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிச் சொல்வேன். பள்ளியில் சேர்வதற்கு முன்பே எனக்குக் கிடைத்த உத்தியோகம் அது. ஒருமுறை மாம்பழக் காலத்தில் ஆரம்பித்த மௌனம் தீபாவளி வரை ஓடியது. காரணம் இன்றுவரை எனக்குத் தெரியாது. என் வீட்டில் இது நடக்காது என்று சொல்லிக்கொண்டுதான் கல்யாணம் செய்துகொண்டேன்.

இப்போது செம்பூரில் இருக்கிறோம். நான் தினமும் ரயிலில் வாஷிக்கு வேலைக்குப் போகிறேன். கணவருக்கு வீட்டிலிருந்தே வேலை. ஐந்து வயது மகளைப் பள்ளியில் விடுவதும், ஒரு மணிக்கு அழைத்து வருவதும் அவர்தான்.

போன மழைக்காலத்தில், முலுண்டில் இருக்கும் அவருடைய அண்ணா குடும்பத்தை என்னைக் கேட்காமல் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார். நான் பேச்சை நிறுத்தினேன். மூன்றாம் நாள் காலை, பள்ளி பத்தரைக்கே விட்டுவிடும் என்று என் ஃபோனுக்குச் செய்தி வந்தது. அதை அப்படியே அவருக்கு அனுப்பியிருக்கலாம். அதுவும் பேசியது போலத்தானே என்று தோன்றியது, அனுப்பவில்லை. அவர் குளித்துக்கொண்டிருந்தார். மகளின் ஷூவை மாட்டிவிட்டு, "இன்னிக்குப் பத்தரைக்கே ஸ்கூல் விட்டுடும்னு அப்பாகிட்ட சொல்லிடு" என்றேன். ரயிலுக்கு ஓடினேன்.

பள்ளியில் என் எண்ணை மட்டும்தான் கொடுத்திருந்தேன். மீட்டிங் முடிந்து பார்த்தபோது மணி பதினொன்றே முக்கால், அவர்களிடமிருந்து நான்கு அழைப்புகள். அப்போதுகூட ஒரு கணம், அவருக்கு ஃபோன் செய்வதா, மெசேஜ் அனுப்புவதா என்று யோசித்தேன். நடந்த எல்லாவற்றையும்விட அந்த ஒரு கணம்தான் என்னை இன்னும் அறுக்கிறது.

ஃபோன்தான் செய்தேன், அவர் ஓடிப்போய் மகளை அழைத்து வந்தார். வாட்ச்மேனின் ஸ்டூலில், தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். அழவில்லையாம். சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் என்னிடம் வந்து, "ஸாரிம்மா, நான்தான் சொல்ல மறந்துட்டேன்" என்றாள்.

கணவர் சத்தம் போடவில்லை. "என்கிட்ட நேரா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு முயன்றேன். கோபம் வந்தால் எதையாவது சொல்லிவிடுவது என்று வைத்துக்கொண்டேன். பால் தீர்ந்துவிட்டது, லிஃப்ட் ஓடவில்லை, இப்படி ஏதாவது. இரண்டு மாதம் அது பலித்தது. மாறிவிட்டேன் என்றே நினைத்தேன்.

அந்தத் தைரியத்தில் மாட்டுங்காவுக்குப் போனபோது அப்பாவிடம் கேட்டேன். "அம்மாகிட்ட பேசாம இருந்தேளே, ஏம்ப்பா?"

"நானா? நான் யார்கிட்ட பேசாம இருந்தேன்?" என்று சிரித்தார். பிறகு என் மகளைப் பார்த்து, "காபிக்குச் சர்க்கரை போறலைன்னு உள்ளே சொல்லிட்டு வாடி குட்டி" என்றார். அவள் உடனே ஓடினாள். அப்பா நடித்ததாகத் தெரியவில்லை. உண்மையாகவே அவருக்கு நினைவில்லை போலிருக்கிறது. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணா குடும்பத்தின் முன்னால் கணவர் என்னை, "மேடம் பேசறதுக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கணும்" என்று கேலி செய்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்கள் கிளம்பிப் போனதும் என் வாய் மூடிக்கொண்டது.

முதல் நாள்தான் அது கோபம். பிறகு கோபம் போய்விடுகிறது, வெட்கம் மட்டும் மிஞ்சுகிறது. பாலும் லிஃப்டும் தொண்டை வரை வந்து நின்றுவிடுகின்றன. நான் செய்வது தவறா, அவர் கேலி தவறா என்று மாற்றி மாற்றி யோசித்து இன்றோடு நான்கு நாள்.

இன்று காலை தலை பின்னிவிடும்போது மகள் கேட்டாள். "அம்மா, இன்னிக்கு அப்பாகிட்ட ஏதாவது சொல்லணுமா? இந்தத் தடவை மறக்க மாட்டேன்."

நான் பதில் சொல்லவில்லை. அவளிடமும்.

படிக்கிறவர்களில் என்னைப் போன்றவர்கள் இருப்பீர்கள். இதிலிருந்து வெளியே வந்தவர்களும் இருக்கலாம். நான்காம் நாள், முதல் வார்த்தையாக என்ன சொன்னீர்கள்? எவ்வளவு சின்ன வார்த்தையாக இருந்தாலும் சரி, எனக்கு எழுதுங்கள்.