ஒற்றை ஆளுக்கு முழு பிரெட்

கடைக்காரர்கள் ஒற்றை ஆளை ஒரு ஆளாகவே கணக்கில் எடுப்பதில்லை. பிரெட் வாங்கப் போனால் ஒரு குடும்பமே உட்கார்ந்து சாப்பிடுகிற அளவுக்கு முழு பாக்கெட்தான் கிடைக்கும். லிஃப்ட் மெக்கானிக் ஒரே ஒரு முறை வாயைத் திறந்து பாதி கேட்டுப் பார்த்தார். கல்லாவில் இருந்த பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "மீதிப் பாதிய வெச்சுக்கிட்டு நான் என்ன சார் பண்றது?" என்றாள். நியாயமான கேள்விதான். அந்த மீதிப் பாதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் அவருடைய பிரச்சினையும்.

திங்கட்கிழமை வாங்குவார். விடியற்காலையில் டீயில் தோய்த்து இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு வேலைக்குக் கிளம்புவார். சனிக்கிழமை பார்த்தால் பாக்கெட்டில் பாதி அப்படியே இருக்கும். விறைத்துப்போய், ஓரமெல்லாம் சொரசொரவென்று இருக்கும். சாப்பாட்டுப் பொருளைத் தூக்கிப்போட அவருக்கு மனசு வராது. அதனால் ஞாயிற்றுக்கிழமை முட்டையை உடைத்து, பாலும் சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு அடித்து, அந்தத் துண்டுகளை அதில் ஊறவைத்து, வெண்ணெயில் போட்டு எடுப்பார். ஊர் உலகம் அதைப் பிரெஞ்சு டோஸ்ட் என்கிறது. அவரைப் பொறுத்தவரை அது பாக்கெட்டைக் காலிசெய்யும் வழி.

இந்த வித்தையை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவரின் முகத்தை அவர் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. ஏதோ ஒரு ஹோட்டல் சமையல்காரர், இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார். வெளியே இவர் கதவை நெம்பிக்கொண்டிருக்க, உள்ளே அவர் பயத்தை மறைக்க வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். மேலே அடுப்படியில் ஊறிக்கொண்டிருக்கும் பிரெட்டைப் பற்றித்தான் அவர் கவலையெல்லாம். "பழைய பிரெட்தான் போடணும் அண்ணே! புதுசு பாலைப் பாத்தாலே கரைஞ்சிடும்! அண்ணே, இருக்கீங்களா?" கதவு திறந்தது. அந்த மனிதர் திரும்பிப் பார்க்காமல் ஓடினார். இந்தத் தொழிலில் இது சகஜம். மாட்டிக்கொண்டிருக்கும் வரை தாயே பிள்ளையே என்று பேசுவார்கள். வீட்டுச் சண்டை, மூட்டுவலி, எல்லாம் கதவிடுக்கு வழியாக வெளியே வரும். ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ. அவர் கோபப்பட்டதில்லை. எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த கட்டடத்துக்குப் போவார். ஆனால் அவரிடம் நாள் முழுக்க யாராவது பேசினார்கள் என்றால், அது இப்படி மாட்டிக்கொண்டவர்கள் மட்டும்தான்.

மனைவி பிரிந்து போனதைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. இரண்டு பேரும் நல்லவர்கள்தான். சேர்ந்திருந்தபோது மட்டும் நல்லவர்களாக இருக்க முடியவில்லை. நான்கு வயது மகள் அம்மாவோடு போனாள். அவருக்கு ஞாயிற்றுக்கிழமைகள் கிடைத்தன. அதுவும் முழுசாக இல்லை. காலை டிபன் நேரம் தாண்டி, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், ரெண்டுங்கெட்டான் நேரத்தில் அவளுடைய அம்மா தெருமுனையில் இறக்கிவிட்டுப் போவாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. வீட்டில் இருந்தது பால், முட்டை, காய்ந்த பிரெட். லிஃப்டுக்குள் மாட்டிய சமையல்காரர் ஞாபகத்துக்கு வந்தார். மகள் அடுப்பு மேடையில் ஏறி உட்கார்ந்து, வாணலியில் சுர்ரென்று சத்தம் வந்ததும் கைதட்டினாள். முதலில் மொறுமொறுவென்ற ஓரத்தைச் சுற்றிக் கடித்துத் தின்றாள். பிறகு நடுவில் இருக்கும் மெத்தென்ற பகுதியை விரலால் எடுத்தாள். "இன்னும்" என்றாள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் அதுதான்.

ஒருநாள் அவளே கேட்டாள். "அம்மா செஞ்சா இப்படி வரலையேப்பா. ஏன்?"

வாரம் முழுக்கத் தின்றது போக மீந்ததைத்தான் உனக்குப் போடுகிறேன் என்று எந்தத் தகப்பன் சொல்வான்? "அது அப்பாவோட கைராசி" என்றார். அவள் நம்பினாள். பள்ளிக்கூடத்தில் போய்ப் பீற்றிக்கொண்டாள் என்றும் கேள்விப்பட்டார். அப்போது பெருமையாகவும் இருந்தது, உள்ளுக்குள் குத்தவும் செய்தது.

பிள்ளைகள் வளர்ந்தால் ஞாயிற்றுக்கிழமைகள் குறையும். பரீட்சை வந்தது, தோழிகள் வந்தார்கள், வெளியூரில் வேலை வந்தது. கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. புகைப்படத்தில் அவர் கடைசி ஆளாக, பாதித் தோள் வெட்டுப்பட்டு நிற்கிறார். அதன் பிறகு போனில் நலம் விசாரிப்பு மட்டும். அவரும் "எல்லாம் நல்லாயிருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, அடுத்து என்ன பேசுவது என்று தெரியாமல் போனை வைத்துவிடுவார்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு வியாழக்கிழமை மகள் கூப்பிட்டாள். "அப்பா, மாற்றல் கிடைச்சு இங்கயே வந்துட்டோம். ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு நாங்க ரெண்டு பேரும் ப்ரஞ்சுக்கு வரோம். அந்த டோஸ்ட் செஞ்சு வைங்க. இவருகிட்ட அதைப் பத்திப் பெருமையா சொல்லி வெச்சிருக்கேன், மானத்தை வாங்கிடாதீங்க, சரியா?"

போனை வைத்த பிறகு அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கூடவே ஒரு பயமும் வந்தது. ஒரு தடவை வருவது பெரிய காரியமில்லை. கடமைக்குக்கூட வரலாம். மறுபடியும் வரவேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இரண்டாவது நாற்காலியின் மேல் பல வருஷமாக ஸ்பேனர் பைதான் உட்கார்ந்திருந்தது. அதை இறக்கிவிட்டு நாற்காலியைத் துடைத்தார். மூன்றாவது நாற்காலியை எதிர்வீட்டில் கடன் கேட்டார். தட்டுகள் புதிதாக வாங்கினார். கடைசியில் அலமாரியில் இருந்த பிரெட் பாக்கெட்டைப் பார்த்தார். அந்த வாரத்து மிச்சம், டோஸ்டுக்கென்றே பக்குவமாகக் காய்ந்திருந்தது. வீட்டுக்கு முதல்முதலாக வருகிற மாப்பிள்ளைக்கு மிச்சத்தைப் போடுவதா? தூ! அதை ஸ்பேனர் பைக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். ஞாயிறு காலையிலேயே பெரிய பேக்கரிக்குப் போய், சூடு ஆறாத, பஞ்சு போன்ற, இருப்பதிலேயே விலை கூடிய பிரெட்டை வாங்கி வந்தார். புதுசு கரையும் என்று அவருக்குத் தெரியாமலில்லை. மரியாதை என்று வந்துவிட்டால் தெரிந்ததெல்லாம் மறந்துபோகும்.

வந்தார்கள். மாப்பிள்ளை நெடுநெடுவென்று வளர்ந்தவன், வாசலில் தலையைக் குனிந்து நுழைந்தான். "வணக்கம் மாமா" என்றான். அவர் அடுப்படிக்குப் போய்விட்டார்.

முதல் துண்டைப் பாலில் நனைத்து எடுத்ததுமே அது நடுவில் தொங்கி இரண்டாகக் கிழிந்தது. அடுத்ததைச் சட்டென்று நனைத்து வாணலியில் போட்டார். திருப்பும்போது பாதி கரண்டியோடு வந்தது, பாதி அடியில் ஒட்டிக்கொண்டது. தீயைக் கூட்டினார். வெளியே கருகியது, உள்ளே கூழ். எப்படியோ உருவத்தைத் தேற்றித் தட்டில் வைத்துக்கொண்டு வந்தார்.

"சூப்பரா இருக்கு மாமா" என்று மாப்பிள்ளை வாயில் போடுவதற்கு முன்பே சொல்லிவிட்டான். போட்ட பிறகு தண்ணீர் கேட்டான்.

மகள் ஒரு வாய் தின்றாள். முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்பா, இது அது இல்லயே."

"அதேதாம்மா."

"இல்லப்பா. என்னத்த மாத்துனீங்க?"

"ஒண்ணும் மாத்தல. வயசாச்சுல்ல, கைராசி போயிடுச்சுபோல."

மாப்பிள்ளை மேசைக்கடியில் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது போல் அவருக்குத் தோன்றியது. உண்மையிலேயே பார்த்தானோ இல்லையோ, தெரியாது. இனி நடக்கப்போவதெல்லாம் கண்முன்னால் தெரிந்தது. அடுத்த தடவை, "உங்களுக்கு எதுக்குப்பா சிரமம், வெளியிலயே சாப்பிட்டுக்கலாம்" என்பாள். அதற்கடுத்து போனில், "இந்த வாரம் முடியாதுப்பா" என்பாள். இந்த வீட்டுக் கதவுக்கு இந்தப் பக்கம் அவர் பழையபடி தனியாக நின்றுகொண்டிருப்பார்.

எழுந்துபோய் ஸ்பேனர் பையை நகர்த்தினார். பாக்கெட்டை எடுத்துவந்து, இருவருக்கும் நடுவில் மேசைமேல் வைத்தார். மானம் போனாலும் போகட்டும்.

"இதுலதான் செய்வேன், எப்பவுமே" என்றார். அவளைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துச் சொன்னார். "வாரம் பூரா நான் தின்னது போக மிஞ்சினது. காஞ்சதாத்தான் இருக்கணும். சின்னப் புள்ளைல உனக்கு அதைத்தான் போட்டேன். கைராசியாவது ஒண்ணாவது. வெக்கமா இருந்துது, அதான் சொல்லல. இன்னைக்கு மாப்பிள்ளைக்கு அதைப் போட மனசு வரல."

மகள் ஒரு துண்டை எடுத்து மேசையில் தட்டினாள். டொக் டொக்கென்றது. பிறகு பாக்கெட்டைத் தூக்கிக் கனம் பார்த்தாள்.

"இவ்வளவா மிஞ்சும்? ஒவ்வொரு வாரமுமா?"

"தின்ன ஒரு ஆள்தானேம்மா."

அவள் பாக்கெட்டோடு எழுந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அடுப்பைப் பத்த வைங்க" என்றாள். அவள் முட்டையை உடைத்தாள், அவர் வாணலியைப் பிடித்தார். சுர்ரென்ற சத்தத்துக்கு மாப்பிள்ளையும் எழுந்து அடுப்படிக்கு வந்துவிட்டான். மேசைக்குப் போகாமல் மூவரும் அங்கேயே நின்றபடி, வாணலியிலிருந்து எடுக்க எடுக்கத் தின்றார்கள். மகள் ஓரத்தைத்தான் முதலில் தின்றாள். இந்தத் தடவை மாப்பிள்ளை சூப்பர் கீப்பர் என்று ஒன்றும் சொல்லவில்லை. தட்டை மட்டும் நீட்டிக்கொண்டே இருந்தான்.

கிளம்பும்போது அந்தக் குடியிருப்பின் லிஃப்டில் இருவரும் ஏற, கதவு மூடப்போனது. மகள் கையை நுழைத்து அதை நிறுத்தினாள். லிஃப்ட் கதவில் கையை விடாதே என்று ஊருக்கே புத்தி சொல்கிறவர், அன்று ஒன்றும் சொல்லவில்லை.

"எத்தனை நாள் காயணும்ப்பா?"

"மூணு நாலு நாள். மூடி வைக்காத, அப்புறம் பூசணம் புடிச்சுடும்."

"வீட்டுல செஞ்சு பாக்கறேன்" என்றாள். கதவு மூடியது. லிஃப்ட் கீழே போய் நிற்கும் சத்தம் கேட்கும் வரை அவர் அங்கேயே நின்றார். பிறகு உள்ளே வந்து தட்டுகளைக் கழுவினார். மூன்றாவது நாற்காலியைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று நினைத்தார், கொடுக்கவில்லை. அவளே செய்துகொள்ளக் கற்றுக்கொண்டால் இங்கே வர என்ன வேலை என்ற நினைப்பு அந்த வாரம் முழுக்க அவரை அரித்துக்கொண்டே இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"அப்பா, எனக்கு முடியவே மாட்டேங்குது."

"ஏன், கிழியுதா?"

"செஞ்சாத்தானே கிழியறதுக்கு! பிரெட் மிஞ்சவே மாட்டேங்குதுப்பா. காலையில நான் ரெண்டு, ராத்திரி பசிக்குதுன்னு இவரு நாலு. வாங்குன ரெண்டாம் நாளே காலி. டப்பாவுல ஒளிச்சு வெச்சேன், அதையும் மோப்பம் புடிச்சுத் தின்னுட்டாரு!" பின்னால் மாப்பிள்ளை ஏதோ மறுத்துச் சொல்வதும், அவள் அவனை அதட்டிச் சிரிப்பதும் கேட்டது.

அவருக்கும் சிரிப்பு வந்தது. நெஞ்சு நிறைந்துவிட்டது. வெகுநாளாக இவ்வளவு நல்ல செய்தியை அவர் கேட்டதில்லை. அலமாரியில் பாதி பாக்கெட் காய்ந்து கிடந்ததை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

"உங்க வீட்டுல அது மிஞ்ச வேண்டாம்மா" என்றார். "டோஸ்டு வேணும்னா இங்க வாங்க. இங்க எப்பவும் மிஞ்சும்."