ஏசிக்குத் தைத்த சட்டை

டெய்லரம்மாவின் வீட்டில் உடுப்பில்லாத பொருள் ஒன்றைக் கண்டுபிடிப்பது கஷ்டம். மிக்ஸிக்கு உறை, டிவிக்கு உறை, டிவி ரிமோட்டுக்குப் பட்டன் வைத்த தனி உறை. கேஸ் சிலிண்டர் சுருக்கு வைத்த பாவாடை கட்டிக்கொண்டு நிற்கும். தைத்து மிஞ்சுகிற வெட்டுத்துண்டுகளை எறிய அவளுக்கு மனசு வராது. கையும் சும்மா இருக்காது.

“நான் கொஞ்ச நேரம் அசையாம உட்கார்ந்தா எனக்கும் ஒண்ணு மாட்டி விட்டுடுவா” என்று அவளுடைய வீட்டுக்காரர் மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் சொல்வார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எது நடந்தாலும் “நான் அன்னிக்கே சொன்னேன்” என்பார். சொல்லியிருப்பாரா மாட்டாரா என்று யாரும் விசாரித்ததில்லை.

அவர்கள் இருப்பது கடைசி மாடி. தலைக்கு மேல் மொட்டைமாடி, மேற்கே தடுப்பே இல்லாத சுவர். கோடை வந்தால் அந்த வீட்டோடு டெய்லரம்மா மல்லுக்கு நிற்பாள். விடியுமுன் எல்லா ஜன்னலையும் திறந்துபோட்டு, வெயில் எட்டிப் பார்ப்பதற்குள் சாத்திவிடுவாள். மேற்கு ஜன்னலுக்கு இரட்டைத் திரை, வெளிப்பக்கம் வெள்ளைத் துணி. மொட்டைமாடித் தரைக்கு வருஷா வருஷம் வெள்ளையடிப்பு. இஸ்திரிப் பெட்டிக்குக் காலையில் மட்டும்தான் வேலை. மத்தியானம் யாராவது அவசரமாகத் தேய்த்துத் தரச் சொன்னால், “கசங்கினதையே போட்டுக்கோ, பரவாயில்ல, அழகாத்தான் இருக்கே” என்று அனுப்பிவிடுவாள். சாயங்காலம் பால்கனிக் கதவில் ஈரப் போர்வையைத் தொங்கவிட்டு, அறைக்குள் அதை ஒட்டி மேஜை விசிறியைப் போடுவாள். கீழ்வீட்டுப் பெண்கள் பிளவுஸ் தைக்கக் கொடுக்கும் சாக்கில் வந்து இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு போவார்கள்.

இத்தனை செய்தும், பகலெல்லாம் வெயிலைக் குடித்த மேல்தளம் பொழுது சாய்ந்ததும் அதைக் கக்க ஆரம்பிக்கும். போன கோடையில் அவளுடைய அக்கா வந்தபோது நடந்தது அதுதான்.

அக்கா பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்தவள். ஓய்வு பெற்ற பிறகு தன் வீட்டில் தனியாகத்தான் இருக்கிறாள். கோடை முழுக்க இருந்துவிட்டுப் போ என்று கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்தாள் தங்கை. அக்காவுக்குத் தன் தலையணை இல்லாவிட்டால் தூக்கம் வராது. எங்கே போனாலும் பெட்டியில் அது கூடவே வரும். அந்த முறை தலையணை பெட்டியை விட்டு வெளியிலேயே வரவில்லை. அக்கா ராத்திரி முழுக்க விசிறிக்கு அடியில் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, “செடிக்குத் தண்ணி ஊத்த ஆளில்லைடி” என்று காலையில் கிளம்பிவிட்டாள். அக்கா வீட்டில் இருப்பதே ஒரு கற்றாழைத் தொட்டிதான். அது தங்கைக்கும் தெரியும். அன்றைக்குப் பஸ் ஏற்றிவிட்டு வந்தவளுக்கு, வருஷம் முழுக்க நெஞ்சில் முள் தைத்த மாதிரியே இருந்தது.

இந்த வருஷம் ஏசி வாங்கியதே அதற்காகத்தான். முன்னறை மேற்குப் பக்கம் உள்ளே ஒரு பெட்டி, பால்கனியில் அவுட்டோர் என்று இன்னொரு பெட்டி. நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. கதவிடுக்கில் குளிர்ச்சி கசியக்கூடாதென்று பாம்பு மாதிரி நீளமாக ஒரு பஞ்சுப் பையைத் தைத்துப் போட்டிருந்தாள். அக்காவும் வருவதாகச் சொல்லிவிட்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். அக்கா வருவதற்கு இரண்டு நாள் முன்னால் வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தபோது, பால்கனியில் அந்த அவுட்டோர் மட்டும் மொட்டையாக, தூசியும் வெயிலுமாக நிற்பது கண்ணில் பட்டது. அக்கா நர்ஸ். தூசியைப் பார்த்தால் சும்மா விடமாட்டாள். தவிர, வெளியே இப்படிக் காய்ந்துகொண்டு நிற்கிற பெட்டி உள்ளே எப்படிக் குளிர்ச்சி தரும்? சோபாவுக்கு வாங்கி மிஞ்சிய கெட்டித் துணி இருந்தது, நீலத்தில் பெரிய பெரிய மஞ்சள் பூ. அளவெடுத்தாள். நாலு பக்கமும் பிடித்து, ஓரத்துக்குப் பைப்பிங் வைத்து, குழாய் வரும் இடத்தில் காஜா எடுத்து, அடியில் நாடா வைத்து முடிச்சுப் போட்டாள். ஒரு சுருக்கம் கிடையாது.

“அதுக்கு எதுக்குச் சட்டை?” என்றார் டிரைவர்.

“உங்களுக்கு எதுக்குச் சட்டை? கழட்டிட்டு நிக்க வேண்டியதுதானே, வெயில்ல.”

அவர் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

மறுநாள் ஏசி மக்கர் செய்தது. போட்டவுடன் கொஞ்ச நேரம் குளிர்ந்தது. அப்புறம் வெறும் காற்று. அப்புறம் அதுவும் உஷ்ணமாக வந்தது. அணைத்துப் போட்டாள். ரிமோட்டை உறையிலிருந்து எடுத்துத் தட்டினாள். பில்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினாள். விடிந்தால் அக்கா வந்துவிடுவாள்.

கீழ்வீட்டுக்காரி கொடுத்த ஏசி மெக்கானிக் நம்பருக்குப் போன் செய்தாள். பாதி சொல்லும்போதே, “கேஸ் போயிருக்கும்மா. சிலிண்டரோட வந்துடறேன்” என்றான்.

“கேஸ்தான்னு எப்படி தம்பி தெரியும்? நீ இன்னும் பார்க்கவே இல்லையே.”

“எல்லாருக்கும் கேஸ்தாம்மா போகும்.”

போனை வைத்துவிட்டாள். அடுத்து, தெருமுனைக் கடையிலிருந்து ஒருவர் நேரிலேயே வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, சுவரிலிருந்த பெட்டியை அண்ணாந்து பார்த்தார். “கம்ப்ரஸர் காலி. புதுசு எடுத்துக்கோங்க, நம்ம கடையிலயே இருக்கு.”

“உள்ளே வந்து பாருங்களேன்.”

“இங்கேருந்தே தெரியுதேம்மா.”

“அப்போ அங்கேருந்தே கிளம்புங்க” என்று கதவைச் சாத்தினாள்.

டிரைவருக்குப் பொறுக்கவில்லை. “வந்தவனையெல்லாம் விரட்டிட்டா யாருதான் பார்க்கிறது? நாளைக்கு உங்க அக்கா வந்து வேக வேண்டியதுதான்.”

“அளவெடுக்காம துணியை வெட்டறவன்கிட்ட நான் பிளவுஸ் குடுப்பேனா? உடம்பைத் தொட்டுப் பார்க்காம மருந்து எழுதறவன்கிட்ட எங்க அக்கா விடுவாளா? கேள்வி கேட்கிற ஆள் ஒருத்தன் இல்லாமலா போயிடுவான்?”

மூன்றாவதாக அகப்பட்ட மெக்கானிக் போனிலேயே கேள்வியாய்க் கேட்டார். எப்போதிலிருந்து? போட்டவுடனேயா, கொஞ்ச நேரம் கழித்தா? காலையில் எப்படி, மத்தியானம் எப்படி? டெய்லரம்மாவுக்கு உச்சி குளிர்ந்தது. “நாளைக்குக் காலையிலதாம்மா வர முடியும்” என்றதற்குக்கூடச் சரியென்றாள். பழைய ஈரப் போர்வை அன்று ராத்திரி மறுபடி வேலைக்கு வந்தது.

காலையில் வந்த மெக்கானிக் நல்ல ஆகிருதி. நாலு மாடி ஏறி வந்து வாசலில் நின்று மூச்சு வாங்கினார். டெய்லரம்மா தண்ணீர் கொடுத்து முடிப்பதற்குள் பின்னாலேயே பெட்டி இடிபடும் சத்தம் கேட்டது. அக்கா.

“என்னடி, வாசல்லயே கூட்டம்?”

“வாக்கா, வாக்கா. உட்காரு. இல்ல, அங்கே வேண்டாம், இங்கே விசிறிக்குக் கீழே.”

“புது ஏசின்னியே?”

“அது கொஞ்சம் ஓய்வு எடுக்குது.”

அக்கா பெட்டியைத் திறக்காமல் கால் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். டெய்லரம்மா அந்தப் பெட்டியைப் பார்த்தாள். உள்ளே தலையணை இருக்கும். போன வருஷம் மாதிரியே.

மெக்கானிக் ஏசியைப் போட்டு, குளிர்ச்சி நிற்கும்வரை ஓடவிட்டு, உள்பெட்டியைத் திறந்து பார்த்தார். “பில்டர் பளிச்சுன்னு இருக்கு. இவ்வளவு சுத்தமா நான் பார்த்ததில்லைம்மா. வீட்ல புதுசா எதையாவது மாத்தினீங்களா?”

“ஒண்ணுமே மாத்தலை தம்பி. எல்லாம் இருந்தபடி இருக்கு.”

“அவுட்டோர் எங்கே?”

“பால்கனியில.”

அவர் பால்கனிக்குப் போனார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், கம்பிக்கு வெளியே எட்டியும் பார்த்தார். “காணோமேம்மா. சோபாதான் இருக்கு.”

“சோபா இல்ல தம்பி, அதேதான்” என்று டெய்லரம்மா பெருமையோடு நாடாவைத் தொட்டுக்காட்டினாள். “தூசி படாம, வெயில் படாம…”

மெக்கானிக் அந்த மஞ்சள் பூக்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பைப்பிங்கை விரலால் தடவினார். காஜாவைக் குனிந்து பார்த்தார். அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. அடக்கப் பார்த்து, முடியாமல், கதவைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“தையல் பிரமாதம்மா. எங்கேயும் காத்து போக இடமே இல்லை. அதான் பிரச்சினை. உள்ளே இருக்கிற சூட்டையெல்லாம் வாங்கி வெளியே தள்றதே இதுதான். தள்ள வழி இல்லாம தனக்குள்ளேயே வெந்துட்டு, போதும்டா சாமின்னு நின்னுடுது.”

அக்கா எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். “அடிப்பாவி! காய்ச்சல்காரனைக் கம்பளியில சுத்தி மூக்கையும் கட்டியிருக்கியேடி! என் வார்டுல நீ இருந்திருந்தா ஒருத்தரும் பிழைச்சு வீட்டுக்குப் போயிருக்க மாட்டாங்க.”

“நீ வர்றேன்னுதான்க்கா தைச்சேன்” என்றாள் டெய்லரம்மா. சொல்லும்போதே அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “நீ தூசின்னு ஏதாவது சொல்லுவியோன்னு…”

“நான் அன்னிக்கே சொன்னேன்” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அது உண்மை. அவராலேயே நம்ப முடியாமல் பேப்பரை மடக்கிவைத்துவிட்டு வெளியே வந்தார். “கேளுங்கக்கா, அதுக்கு எதுக்குச் சட்டைன்னு கேட்டேன். கேட்டேனா இல்லையா, அவளையே கேளுங்க.”

“கேட்டீங்க, கேட்டீங்க” என்றாள் டெய்லரம்மா. “நானே போர்டு எழுதி மாட்டறேன்.”

நாடா அவிழ்ந்தது. பெட்டியின் தகட்டில் கை வைக்க முடியவில்லை. மெக்கானிக் அதை அணைத்து ஆறவிட்டு, பின்பக்கத்துத் தகடுகளைத் தண்ணீர் விட்டுக் கழுவி, எதுவும் கெட்டுப்போகவில்லை என்று சோதித்துப் பார்த்தார். “நிழல் நல்லதுதாம்மா. ஆனா குடை மாதிரி இருக்கணும், மேலே தள்ளி. போர்வை மாதிரி இருக்கக்கூடாது.”

ஏசி ஓட ஆரம்பித்தது. உள்ளே எல்லோரும் சுவரைப் பார்த்து அண்ணாந்து நின்றார்கள். கொஞ்ச நேரம் தாண்டியும் குளிர்ச்சி நிற்கவில்லை. மெக்கானிக்கின் நெற்றி வியர்வை காய்ந்தது. “எங்க வீட்லயும் இப்படி ஒண்ணு…” என்று ஆரம்பித்தவர், “மிக்ஸிக்கும்மா, மிக்ஸிக்கு” என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். டெய்லரம்மா தைத்துவைத்திருந்த மிக்ஸி உறை ஒன்றோடுதான் அவர் மாடியிறங்கினார்.

டெய்லரம்மா சட்டையைத் தரையில் விரித்து, கத்தரிக்கோலை எடுத்தாள். சுற்றுப் பக்கங்களைப் பிரித்து, பூவுக்குப் பூ பொருந்துகிற மாதிரி இணைத்தாள். பெட்டிக்கு மேலே தள்ளிக் கட்டுகிற கூரையாக அது மாறியது. கம்பியில் கட்டும்போது ஒரு முனையை டிரைவர் பிடித்தார். மறுமுனைக்கு ஆள் தேவைப்பட்டது.

“அக்கா, இதைக் கொஞ்சம் பிடியேன்.”

ஆள் வரவில்லை. எட்டிப் பார்த்தாள். அக்கா முன்னறைக் கட்டிலில், காற்று நேராக விழும் இடத்தில் கால் நீட்டிப் படுத்திருந்தாள். பெட்டி வாய் பிளந்து கிடந்தது. தலைக்கு அடியில் அவளுடைய தலையணை.

டெய்லரம்மா சத்தம் போடாமல் கிட்டே போனாள். தலையணையின் ஓரத்தில் தையல் பிரிந்திருந்தது. உறை சாயம் போயிருந்தது. மஞ்சள் பூத்துணியில் இன்னும் ஒரு துண்டு மிச்சம் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே ஓரத்தை விரலால் அளந்தாள்.

“கையை எடுடி” என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமல். “கோடை முடியட்டும். போகும்போது தைச்சுக் குடு.”