யாரும் பார்க்காத கண்

என் கோணல் எழுத்துக்கும் பிழைகளுக்கும் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்.

போன வருடம் ஐப்பசியில் நடந்தது. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஊரெல்லாம் மெட்ராஸ் ஐ பரவிய சமயம், என் வலது கண்ணும் சிவந்தது. பக்கத்துத் தறிக்காரர், "ஏலே, என்னப் பாக்காத, அந்தப் பக்கம் திரும்புலே!" என்று சிரித்தார். மெடிக்கலில் சொட்டு மருந்தும், கடையில் கறுப்புக் கண்ணாடியும் வாங்கினேன். பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது எங்கள் நம்பிக்கை. வீட்டில் மனைவிகூட முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சோறு வைத்தாள்.

பீளை தள்ளவில்லை. ஆனால் வலி புருவ எலும்பைக் குடைந்து பல் வரை இறங்கியது. கூச்சத்தில் யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் தறியில் இழை அறுந்தது எனக்குத் தெரியவே இல்லை. இடது கண்ணை மூடிப் பார்த்தேன். எல்லாம் புகை. தறியை நிறுத்திவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் மனைவி கண்ணாடியைப் பிடுங்கி, என் தாடையை நிமிர்த்தினாள். "அய்யோ, வெள்ளமுழி நீலம் பாஞ்சு கெடக்கே! கெளம்புங்க."

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில், இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, வலது கண்ணால் மட்டும் கடைப் பலகைகளைப் படிக்கப் பார்த்துக்கொண்டே வந்தேன். மடவார் வளாகம் கோயில் வந்தபோது கோபுரமே மங்கலாகத்தான் தெரிந்தது. இனி தறி ஓட்ட முடியாதென்றே நினைத்தேன்.

கண் டாக்டரம்மா, "விரல், மூட்டு வலிக்குமா?" என்றார். கண்ணுக்கு வந்தவனிடம் கையை ஏன் கேட்கிறார் என்று புரியாமல், இல்லை என்று தலையாட்டினேன்.

"பொய் சொல்லுதாக டாக்டரம்மா! காலையில சட்டைப் பித்தானே நான்தான் போட்டு விடுதேன்" என்று மனைவி குறுக்கிட்டாள்.

டாக்டரம்மா நிமிர்ந்தார். "இது மெட்ராஸ் ஐ இல்ல, யாருக்கும் ஒட்டாது. கண்ணோட வெள்ளைப் பகுதியே வீங்கியிருக்கு. மூட்டு வாதத்தால வந்திருக்கும்னு நெனைக்கிறேன். இன்னும் தள்ளிப் போட்டிருந்தா..." என்றபடி ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதினார்.

ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. மாத்திரையில் வலி அடங்கி, பார்வை மெல்லத் தெளிந்தது. திரும்ப வரலாம் என்கிறார்கள். அதனால் தினமும் விடிந்ததும் மனைவி என் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறாள். அவள் "வெள்ளையாத்தான் இருக்கு" என்று சொல்லும்வரை எனக்கு மூச்சு வருவதில்லை.

எழுதி முடித்தது: ஆனி மாதம், கடைசி ஞாயிற்றுக்கிழமை.