மைக் அக்காவின் ஏரி

என் நாத்தனாருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்ற விஷயம் ஒரு பனிமூட்டத்தில்தான் அம்பலமானது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே ரயிலில் வேலை பார்த்துக்கொண்டு, அதுவரை நான் கண்டுபிடிக்கவில்லை. கண் இருந்தும் குருடு என்று என்னைத்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் ரயில் எங்கேயும் அவசரமாகப் போகாது. மலை பார்க்கவும் ஏரி பார்க்கவும் ஆசைப்பட்டு வருகிறவர்களுக்கான ரயில் அது. ஜன்னல்கள் ஆள் உயரம் இருக்கும். கூரையிலும் பாதி கண்ணாடி. காலையில் அடிவாரத்தில் கிளம்பி, சுரங்கங்களுக்குள் புகுந்து புறப்பட்டு, இரண்டு ஏரிகளை ஒட்டி மேலே ஏறி, சாயங்காலம் திரும்பிவிடும். முதல் பெட்டியின் முன்வரிசையில் மைக்கோடு உட்கார்ந்து, எது எந்தப் பக்கம் வருகிறது என்று சொல்வது நாத்தனாரின் வேலை. டீயும் பிஸ்கட்டும் வைத்த தள்ளுவண்டியை இருக்கைகளுக்கு நடுவே தள்ளிக்கொண்டு போவது என் வேலை. அவர் சொல்லித்தான் எனக்கு இந்த வேலையே கிடைத்தது. நன்றி உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வீட்டிலும் நாத்தனார், வேலையிலும் நாத்தனார் என்றால் அது என்ன பாடு என்று வாழ்க்கைப்பட்டவளுக்குத்தான் தெரியும்.

பயணிகளுக்கு அவர் மைக் அக்கா. "வலது பக்கம் பாருங்க, பெரிய ஏரி வருது. இடது பக்கம் உக்காந்திருக்கறவங்க கோவிச்சுக்காதீங்க. உங்களுக்கு இப்போதைக்குப் பாறைதான். பொறுத்தார் பூமி ஆள்வார், சுரங்கம் தாண்டினா சின்ன ஏரி உங்க பக்கம்" என்பார். பெட்டியே சிரிக்கும். காகிதம் ஒன்றும் கையில் இருக்காது. எல்லாம் மனப்பாடம் என்று நினைத்திருந்தேன். அது எவ்வளவு உண்மை என்பது பிறகுதான் தெரிந்தது.

இந்தப் பேச்சை அவர் ரயிலில் கற்றுக்கொள்ளவில்லை. என் மாமனாருக்குக் கண் நரம்பு பட்டுப்போய், நடுவயதிலேயே பார்வை போய்விட்டது. டாக்டரிடம் காட்டியபோது காலம் கடந்திருந்தது. கல்யாணமான வேகத்திலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு நாத்தனார் பிறந்த வீட்டுக்கு வந்திருந்த சமயம் அது. அப்பாவை ஜன்னலோரம் உட்கார வைத்து, தெருவில் நடப்பதையெல்லாம் ஒன்று விடாமல் சொல்வாராம். எதிர்வீட்டுப் பூனை மதில்மேல் நின்று எந்தப் பக்கம் குதிப்பது என்று யோசிப்பதுவரை வந்துவிடும். மாமனார் சாகும்வரை தெருச் சண்டை ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை என்று என் வீட்டுக்காரர் பெருமையாகச் சொல்வார்.

அந்த நோய் பிள்ளைகளுக்கும் வரலாம், தவறாமல் பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரர் ஒழுங்காகப் போய்க் காட்டிக்கொண்டு வருவார். நாத்தனார் போனதே இல்லை. கேட்டால், "எனக்கென்ன கேடு? கழுகுக் கண்ணு எனக்கு" என்பார்.

அந்தப் பனிமூட்ட நாளில் ரயில் நிறைய கூட்டம். மேலே ஏற ஏறப் பனி அடர்ந்தது. பெரிய ஏரிக்கு முன்னால் ஒரு இரும்புப் பாலம் உண்டு. அதில் ஏறியதும் சக்கரத்தின் சத்தம் மாறும். அன்றும் மாறியது. கண்ணாடிக்கு வெளியே பஞ்சு அடைத்த மாதிரி ஒரே வெள்ளை. தண்டவாளத்து ஓரக் கம்பம்கூடத் தெரியவில்லை. நாத்தனார் மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"வலது பக்கம் பாருங்க. நம்ம பெரிய ஏரி. இன்னிக்கி தண்ணி நல்ல நீலமா இருக்கு பாருங்க. அக்கரையில அந்த மலையோட நிழல் அப்படியே தண்ணிக்குள்ள விழுது."

யாரோ ஒருவர் சிரிக்க, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பின்வரிசையில் கை தட்டினார்கள். நாத்தனாரும் சிரித்தார். ஆனால் அவர் முகத்தை நான் பார்த்தேன். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமல் சிரிக்கிறவரின் முகம் அது.

டீ போடும் இடத்துக்கு அவர் கம்பிகளைப் பிடித்துப் பிடித்து வந்தார்.

"ஏம்மா, எதுக்குச் சிரிச்சாங்க?"

"வெளிய பனி, அண்ணி. ஒண்ணுமே தெரியல. ஏரியும் இல்ல, மலையும் இல்ல."

அவர் ஜன்னல் கண்ணாடியைக் கையால் தடவிப் பார்த்தார்.

"எனக்குத் தினமும் இப்படித்தான் இருக்கு" என்றார்.

பாலத்தின் சத்தத்தையும், வளைவில் உடம்பு சாயும் பக்கத்தையும் வைத்துத்தான் இத்தனை நாளாக ஓட்டியிருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"ஏன் அண்ணி சொல்லல? டாக்டர்கிட்ட போக வேண்டியதுதானே?"

"போனா அப்பாவுக்கு வெச்ச பேரையே எனக்கும் வெப்பாங்க. பேர் வெக்காதவரைக்கும் இது வெறும் மங்கல்தானேம்மா."

திட்டுவதை விட்டுவிட்டு, ஒரு டீயை ஊற்றி அவர் கையில் கொடுத்தேன்.

வேடிக்கை என்னவென்றால், மேலாளர் அன்று சாயங்காலம் நாத்தனாரைக் கூப்பிட்டுப் பாராட்டினார். "பனி மூடினா பயணிங்க மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவாங்க. நீங்க நல்லா சமாளிச்சீங்க. இனிமே பனி நாள்ல எல்லாம் இதே ஜோக்கைச் சொல்லுங்க" என்றார். அழுவதா சிரிப்பதா என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

கண் ஆஸ்பத்திரிக்குப் போக அவரைச் சம்மதிக்க வைப்பதற்குள் எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. விடுமுறை கிடைக்கும்வரை தள்ளுவண்டியை அவர் இருக்கைக்குப் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டு, காதோரம் குனிந்து சொல்லிக்கொடுப்பேன். "ஏரி தெளிவா இருக்கு, அண்ணி. படகு ரெண்டு போகுது." உடனே மைக்கை மூடிக்கொண்டு, "படகுன்னா? பாய்மரமா, துடுப்பா? என்ன நிறம்? உனக்கெல்லாம் கண்ணு இருந்து என்ன பிரயோஜனம்?" என்பார். உதவி செய்யப்போய் உபத்திரவம்.

ராத்திரியில் எனக்குத் தூக்கம் வரவில்லை. அவருக்காக மட்டும் பயந்தேன் என்று சொன்னால் பொய். மாமனார் உட்கார்ந்த அதே ஜன்னலில் நாத்தனார் உட்கார்ந்தால், தெருவைப் பார்த்துச் சொல்லப்போவது யார்? நான்தான். அவர் அளவுக்கு எனக்குச் சொல்ல வராதே என்று பயந்தேன். அப்புறம், அந்த வாய் ஓய்ந்துபோன வீடு எப்படி இருக்கும் என்று நினைத்து இன்னும் பயந்தேன்.

ஆஸ்பத்திரியில் நாத்தனாரின் கண்ணில் சொட்டு மருந்து விட்டு எங்களை உட்கார வைத்தார்கள். நாத்தனார் என் கையைப் பிடித்த பிடியில் என் விரல்கள் வெளுத்துப் போயின. டாக்டர் சின்ன வயதுப் பெண். விளக்கைப் போட்டு ஒரு கண்ணைப் பார்த்தாள், இன்னொன்றைப் பார்த்தாள், இன்னொரு இயந்திரத்தில் தாடையை வைக்கச் சொல்லிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கண்புரைம்மா. ரெண்டு கண்ணுலயும் நல்லா முத்தியிருக்கு. ஆபரேஷன் பண்ணா தெளிஞ்சிடும்."

"அப்பாவுக்கு நரம்பு..." என்றார் நாத்தனார்.

"அது வேற. உங்க நரம்பு நல்லா இருக்கு."

"நல்லாப் பார்த்தியா, கண்ணு?"

"நல்லாப் பார்த்தேன்மா."

"இன்னொரு தடவ பாரேன்."

அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை. திரும்பவும் விளக்கைப் போட்டுப் பார்த்தாள். "நரம்புல ஒண்ணுமே இல்லம்மா. அழாதீங்க, மருந்து கரைஞ்சிடும்" என்றாள். நாத்தனார் அழுகையை அடக்கிக்கொண்டார். எனக்கு மருந்து விடவில்லையே. நடைபாதைக்கு வந்து சுவரோடு சாய்ந்து இரண்டு பேருக்குமாகச் சேர்த்து அழுதேன். என் வீட்டுக்காரருக்கு போன் போட்டால் அழுகைதான் வந்தது. அவர் அந்தப் பக்கம் என்னவோ ஏதோ என்று பதறி, விஷயம் தெரிந்ததும், "சொல்லித் தொலைக்க மாட்டியா!" என்று கத்திவிட்டு, அவரும் அழுதார்.

வெளியே வந்ததும் நாத்தனாருக்குப் பசித்தது. எவ்வளவோ நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார்.

ஒரு கண்ணுக்குச் செய்து, அது ஆறியபின் மறு கண்ணுக்கும் செய்தார்கள். முதல் கட்டைப் பிரித்ததும் அவர் பார்த்த முதல் முகம் என்னுடையது. "ஏம்மா, உனக்கு எப்ப இவ்வளவு நரைச்சுது?" என்றார். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, கூரை மூலையை அண்ணாந்து பார்த்தார். "இவ்வளவு ஒட்டடையா? இந்த வீட்டுல யாரும் துடைப்பத்தைத் தொடுறதே இல்லையா?" ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்பதை நான் அப்போதுதான் முழுதாக நம்பினேன். வேறு சமயமாக இருந்தால் பதிலுக்குப் பதில் கொடுத்திருப்பேன். அன்று சிரித்துக்கொண்டே ஒட்டடைக் கம்பைத் தேடிப் போனேன்.

வேலையில் சேர இன்னும் கொஞ்ச நாள் இருந்தபோது, பயணியாக ஒருமுறை போக வேண்டும் என்று அடம்பிடித்து, சீட்டு வாங்கி ஏறினார். வலது பக்கம், ஜன்னலோர இருக்கை. மைக்கில் ஒரு புதுப் பெண் தட்டுத் தடுமாறிப் பேசிக்கொண்டிருந்தாள். நாத்தனார் அவளைக் குறை சொல்லவில்லை என்பதே எனக்கு ஆச்சரியம். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பாலத்தில் சத்தம் மாறியதும் நான் தள்ளுவண்டியோடு அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

ஏரி வந்தது. நாத்தனார் கண்ணாடியில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்திருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது, பேச்சு இல்லை. எனக்குப் பழக்கதோஷம், அவர் காதோரம் குனிந்தேன்.

"அண்ணி, அக்கரையில ஒரு படகு. வெள்ளைப் பாய்மரம். தண்ணி இன்னிக்கி..."

"சும்மா இரும்மா" என்றார், திரும்பாமலே. "நான் பார்த்துக்கிட்டிருக்கேன்."

நான் வாயை மூடிக்கொண்டேன். டீ கேட்டுக் கை தூக்கியவர்கள் ஏரி முடியும்வரை காத்திருந்தார்கள்.