கோட்டுக் கையைப் பிடித்த வெள்ளரி

ஏணி என்ற பெயரைத் தையல்காரி முதன்முதலில் கேட்டது அண்ணியின் வாயிலிருந்துதான். அண்ணி பால்கனியில் நின்று ஈரத்துணியை உதறிக்கொண்டே, "கீழ் வீட்டுக்கு ஒருத்தர் குடிவந்திருக்காரு. கேபிள்காரர். ஏணின்னு கூப்பிடுறாங்க. எம்பாமலே நம்ம பால்கனிக் கம்பியைத் தொட்டுடுவாரு போல இருக்கு" என்றாள். தையல்காரி மெஷினை நிறுத்தவில்லை. ஏணியோ கோணியோ, அவளுக்கு அன்று நான்கு சட்டைக்குக் காலர் வைக்க வேண்டியிருந்தது.

மாலையில் எட்டிப் பார்த்தபோதுதான் பெயரின் நியாயம் விளங்கியது. ஒல்லியாய், நெடுநெடுவென்று ஒரு மனிதர். தோளில் ஒரு மூங்கில் ஏணி வேறு. இரண்டில் எது எதைத் தூக்கிக்கொண்டு போகிறது என்று தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது.

அவர் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சின்னதிலேயே தாய் போய்விட்டாள். அக்காதான் வளர்த்தாள். இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிவாள். அவர் கால் இரண்டும் தரையைத் தேய்த்துக்கொண்டு வரும் வயதிலும் இறக்கிவிட மனசு வராமல் தூக்கினாள் என்பார்கள். அக்காவுக்குக் கல்யாணமானபோது தம்பியும் கூடவே போனார். அக்கா புருஷனுக்கு வெளியூரில் சிமெண்ட் கடை. அவருக்கு மூன்று தம்பிமார். நாலு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே குரல், ஆனால் நாக்கு மட்டும் மூத்தவரான இந்த மாமாவுக்குத்தான். உப்புத்தாள் போட்டு மரத்தைத் தேய்த்த மாதிரி பேசுவார். மனசில் ஒன்றும் இருக்காது.

ஏணி பஸ்ஸில் கண்டக்டராகப் போய்ப் பார்த்தார், கூரை இடித்தது. ரொட்டிக்கடையில் நின்றார், தட்டு அடுக்கு இடித்தது. மாமா கடைக் கிடங்கில் ஒரு வாரம் நின்றதில் நெற்றியில் மூன்று புடைப்பு. கடைசியில் கேபிள் வேலைதான் தலைக்கு மேலே வானத்தை மட்டும் வைத்திருந்தது. கம்பம் கம்பமாய் ஏறி, ஒயரை விறைப்பாக இழுத்துக் கட்டுவார். அவர் கட்டின ஒயர் தொங்கியதாக யாரும் சொன்னதில்லை.

வினை வந்தது அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில். அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, வீட்டார் எல்லோரும் உட்கார்ந்து யார் யாருக்கு என்ன வேலை என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். "என் தம்பிக்கு?" என்றாள் அக்கா.

மாமா ஏணியை மேலும் கீழும் பார்த்தார். அதற்கே கொஞ்ச நேரம் பிடித்தது. "பந்தல்காரன் ஒரு கால் குறைச்சலாக் கொண்டுவந்தா இவன் நிக்கட்டும். வேற எதுக்கு ஆவான்?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்துவிட்டாள்; அதுதான் சுருக்கென்று தைத்தது. ஏணி தட்டைப் பார்த்தார். தட்டில் ஒரு வெள்ளரித் துண்டு இருந்தது. "கல்யாணச் சாப்பாட்டுக்கு வெள்ளரிக்கா மொத்தமும் என் பொறுப்பு. நானே வளர்த்துக் கொண்டுவர்றேன்" என்றார். தட்டில் பூசணி இருந்திருந்தால் பூசணி என்றிருப்பார். அதுவரை அவர் ஒரு மிளகாய்ச்செடி கூட வைத்தவரில்லை.

"கொண்டுவந்தா உன்னை ஆம்பிளைன்னு ஒத்துக்குறேன்" என்றார் மாமா. "இல்லேன்னா அந்த ஒயரையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு என் கடைக்கு வந்து மூட்டை அடுக்கணும். சரியா?"

"சரி" என்றார் ஏணி. சொல்லிவிட்டு நெற்றியைத் தடவிக்கொண்டார்.

ஊருக்குத் திரும்பியதும் பழைய பெயிண்ட் டப்பாக்களில் மண் கொட்டி, தையல்காரியின் பால்கனிக்கு நேர் கீழே சுவரோரமாய் வரிசையாக வைத்து விதை ஊன்றினார். முளைத்தது. ஓடியது. தரையெல்லாம் ஓடி, அண்ணியின் செருப்புக்குள் ஒரு கொடி புகுந்தது. முதல் பிஞ்சுகள் மண்ணில் படுத்து, வயிறு மஞ்சளாகி, கோணிக்கொண்டு கிடந்தன. ஒன்றை நத்தை தின்றது. இனி மேலே ஏற்றினால்தான் உண்டு என்று, அண்ணியிடம் கேட்டுக்கொண்டு, பால்கனிக் கம்பியிலிருந்து டப்பாவுக்கு டப்பா ஒயர் இறக்கினார். இறக்கி, கொடியைத் தூக்கி, கேபிள் கட்டும் பிளாஸ்டிக் பட்டையால் சாணுக்கு ஒன்றாக நறுக்கென்று இறுக்கினார். தொழில் சுத்தம். ஒரு கொடியாவது ஆட வேண்டுமே.

கொஞ்ச நாளில் இலையெல்லாம் உச்சி வெயிலில் தலையைத் தொங்கப் போட்டது. ஏணி தண்ணீர் ஊற்றினார். மேலும் தொங்கியது.

தையல்காரி மேலிருந்து பார்த்தாள். பார்த்தால் பொறுக்கவில்லை. "கீழ இருக்கிறவரே."

"சொல்லுங்க, மேல இருக்கிறவங்களே."

"தண்ணியா கேக்குது அது? கழுத்தை நெரிச்சு வச்சிருக்கீங்க."

"இறுக்கலேன்னா தொங்கிடுங்க."

"அது என்ன ஒயரா? வச்சது வச்ச மாதிரி இருக்க? நேத்து இருந்த தண்டா இன்னிக்கு இருக்கு? வளர்ற பிள்ளைங்களுக்குச் சட்டை தைக்கிறவ நான். ரெண்டு விரல் நுழையணும். இல்லேன்னா அடுத்த மாசம் பிள்ளை மூச்சு விடாது."

ஏணி ஒரு பட்டைக்குள் விரல் விட்டுப் பார்த்தார். நகம் கூட நுழையவில்லை. முகம் சின்னதாகிப் போனது. அவ்வளவு உயரத்தில் இருந்த முகம் சின்னதாவதைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்தது. உள்ளே போய், வெட்டி மிஞ்சின துண்டுத்துணியெல்லாம் ஒரு பையில் அள்ளி, அவர் தலையில் விழும்படி போட்டாள்.

அன்று சாயங்காலம் முழுக்க அவர் பட்டையை வெட்ட, அவள் மேலிருந்து சொல்ல, துணியால் கட்டினார்கள். ஒயரை ஒரு சுற்று, குறுக்கே ஒரு பின்னல், கொடியைத் தளர்வாய் ஒரு சுற்று. பள்ளிக்கூடத்து நீலம், மணப்பெண் சிவப்பு, யாரோ பெரியவரின் கட்டம்போட்ட பைஜாமா என்று சுவரே திருவிழாக் கடைவீதி மாதிரி ஆகிவிட்டது. இரண்டு நாளில் கொடி நிமிர்ந்தது.

அதற்குப் பிறகு பேச்சுக்குச் சாக்கு வேண்டியிருக்கவில்லை. மாமா சொன்ன பந்தல்கால் பேச்சையும் போட்ட பந்தயத்தையும் ஏணியே அவளிடம் சொல்லிவிட்டார். அடியில் கிளைக்கிற கிளையைக் கிள்ளச் சொல்வாள். "பாவங்க" என்பார் ஏணி. "வெட்டப் பயந்தா சட்டை வராதுங்க" என்பாள். கிள்ளினால் கொடி ஒரே தண்டாக விறுவிறுவென்று ஏறியது. முதலில் வந்த நல்ல காயை ஏணி பறிக்க மாட்டேன் என்று கண்ணாடிப் பொருளைப் போல் வைத்துக் காத்தார். அது மஞ்சளாகிப் பருத்து, ஊதின பலூன் மாதிரி ஆனது. கொடியோ கோபித்துக்கொண்ட மாதிரி பூப்பதையே நிறுத்தியது. அவள் கத்தரிக்கோலை இறக்கிக் கொடுத்தாள். பறித்தால்தான் மேலும் காய்க்கும் என்பதை இருவரும் அப்படித்தான் கற்றார்கள்.

"உன் மெஷின் ஓடுற சத்தத்தைவிட நீ பால்கனிக்கு ஓடுற சத்தம்தான் இப்ப அதிகமாக் கேக்குது" என்றாள் அண்ணி.

"காத்துக்குப் போறேன் அண்ணி."

"காத்து நல்ல உசரமா இருக்கு."

கொடி பூக்காமல் நின்ற அந்த நாட்களில்தான் தையல்காரிக்குத் தன் நிலைமை தெரிந்தது. காய் வராவிட்டால் இவர் மூட்டை அடுக்கப் போய்விடுவார். போனால் போகட்டும் என்று வாய் சொன்னது. கையோ ஒரு சட்டையின் இடது கையை எடுத்து வலது பக்கம் தைத்துவிட்டது. இத்தனை வருஷத் தொழிலில் முதல் தடவை.

அந்த நேரத்தில் ஏணியின் அக்கா போன் செய்தாள். "மாமாவுக்குக் கல்யாணத்துக்குக் கோட்டு தைக்கணும்டா. மேல் வீட்டுல தையல்காரி இருக்காங்கன்னு சொன்னியே."

"எப்ப சொன்னேன்?"

"எப்ப சொல்லல?"

அளவும் துணியும் வந்தன. தையல்காரி உயிரைக் கொடுத்துத் தைத்தாள். காலர் கத்தி மாதிரி நின்றது. தேய்த்து முடித்து, ஈரவாடை போக, சாயங்காலம் பால்கனிக் கொடிக்கயிற்றில் மாட்டினாள். அதற்குள் வெள்ளரி பால்கனிக் கம்பியைத் தாண்டி, இனி எதைப் பிடிக்கலாம் என்று காற்றில் கையை நீட்டிக்கொண்டிருந்தது. அதை அவள் கவனிக்கவில்லை.

காலையில் சொல்லாமல் கொள்ளாமல் மாமா வந்து நின்றார். பின்னாலேயே ஏணி, படிக்கட்டில் குனிந்து குனிந்து.

"கோட்டையும் பாத்துட்டு இவன் வெள்ளரியையும் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றவர், அவள் எடுத்துத் தருவதற்குள் பால்கனிக்குப் போய், தொங்கின கோட்டுக்குள் அங்கேயே இரண்டு கையையும் நுழைத்துவிட்டார். ஒரு கை வந்தது. இன்னொரு கை வரவில்லை.

இரவோடு இரவாக வெள்ளரிச் சுருள்கள் அந்தக் கையைச் சுற்றிச் சுற்றிப் பிடித்திருந்தன. மணிக்கட்டுப் பட்டனை ஒன்று ஸ்பிரிங் மாதிரி முறுக்கியிருந்தது.

மாமா இழுக்கப் போனார். "மாமா, இழுக்காதீங்க, நுனி ஒடிஞ்சுடும்" என்றார் ஏணி. "இழுத்தா தையல் பிரியும்" என்றாள் தையல்காரி. இரண்டு குரலும் ஒரே நேரத்தில் வந்ததில் மாமா கையை நீட்டியபடியே சிலையாகிவிட்டார்.

"என்னடா இது, பிடிச்சா விடாதா?"

"விடாது மாமா."

"இந்த வீட்டுல எல்லாமே அப்படித்தான்" என்றாள் அண்ணி, உள்ளேயிருந்து.

தையல்காரி ஊசி எடுத்து வந்து, சுருள் சுருளாக நுனி ஒடியாமல் பிரிக்க ஆரம்பித்தாள். லேசான வேலை இல்லை. மாமா ஏதோ முணுமுணுக்க, "பந்தல்கால் பேசக்கூடாதுங்க. ஆடாம நிக்கணும்" என்றாள்.

மாமா அவளைப் பார்த்தார். பிறகு ஏணியைப் பார்த்தார். ஏணி சட்டென்று கீழே இறங்கி ஓடிப்போனார்.

நிற்க வேண்டியவர் வேறென்ன செய்வார், கீழே எட்டிப் பார்த்தார். சுவர் முழுக்க வெள்ளரி. இலைக்கு இலை, நீலத்துணிக்குக் கீழே, சிவப்புத்துணிக்குக் கீழே, மண்ணைத் தொடாமல், கோணாமல், அடித்து நீட்டின மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. ஏணி கீழே நின்றபடி ஒன்றைப் பறித்து, கையை உயர்த்தி, பால்கனிக் கம்பி வழியாக மாமாவின் சும்மா இருந்த கையில் கொடுத்தார். மாமா கடித்தார். மென்றார்.

"இன்னொண்ணு குடுடா" என்றார் கடைசியில்.

பட்டனைச் சுற்றியது மட்டும் பிரியவில்லை. பிரித்தால் ஒடியும், பக்கத்திலேயே பூவோடு ஒரு பிஞ்சு. தையல்காரி ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்து, தான் இறுக்கித் தைத்த பட்டனின் நூலை வெட்டிவிட்டாள். மாமா விடுபட்டார். பட்டன் கொடியோடு போனது.

கீழேயிருந்து ஏணி அதைப் பார்த்தார். "அதே மாதிரி பட்டன் எங்க இருந்தாலும் தேடிக் கொண்டுவர்றேன்" என்றார். அவர் அவளிடம் சொன்னதிலேயே நீளமான வாக்குறுதி அதுதான்.

"கடைக்கு நான் வேற ஆள் பாத்துக்குறேன்" என்றார் மாமா, இரண்டாவது காயைக் கடித்துக்கொண்டு. "ஏம்மா, உங்க அண்ணன் எத்தனை மணிக்கு வருவாரு?"

"எதுக்குங்க?"

"ஒரு பட்டன் விஷயமாப் பேசணும்."

அண்ணிக்கு அடுப்பில் வைத்தது தீய்ந்தது கூடத் தெரியவில்லை.

கல்யாணத்தில் ஒவ்வொரு தட்டிலும் வெள்ளரி இருந்தது. மாமா பந்தி பந்தியாகப் போய், "என் மச்சான் வளர்த்தது, நான் தாங்கிப் பிடிச்சது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கோட்டுக் கையில் ஒரு பட்டன் மட்டும் வேறு நிறம். ஊரெல்லாம் தேடியும் ஏணிக்கு அதே நிறம் கிடைக்கவில்லை.

மழை முடிந்ததும் தையல் மெஷினைக் கீழ் வீட்டுக்கு இறக்கினார்கள். ஏணி இப்போதும் அதே கீழ் வீட்டில்தான் இருக்கிறார், தையல்காரியோடு. பகலில் கேபிள் வேலை, சாயங்காலம் வெள்ளரிக்குத் துணி கட்டுகிற வேலை.