மழைக்காட்டுச் சகலையும் மொட்டை மலையும்

காடு காட்டிப் பிழைக்கிறவனுக்குச் சிறுத்தையாலும் பாம்பாலும் வராத ஆபத்து, போன மாதம் வேறொரு காட்டைப் பார்த்துவிட்டு வந்த பயணியால் வரும்.

ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலைக்கு வேனில் ஆட்களை ஏற்றிப் போய்ச் சுற்றிக் காட்டுவது என் தொழில். என் மனைவியின் தங்கையைக் கட்டிய மனோகரனுக்கும் இதே தொழில்தான். ஆனால் வால்பாறையில், அசல் மழைக்காட்டில். உங்களுக்கும் ஒரே தொழிலில் ஒரு சகலை வாய்த்திருந்தால் நான் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. எனக்கென்று இருந்த ஒரே பெருமை, வேலூர்ப் பள்ளிக்கூடம் ஒன்று வருஷம் தவறாமல் என் வேனில் மலைக்கு வருவதுதான். அதையும் அவர் தட்டிக்கொண்டு போய்விடக் கூடாது என்று நான் வேண்டாத சாமி இல்லை.

அட்டை கடித்தால்தான் காடு

வேலூரிலிருந்து ஒரு புது ஜோடி வந்தது. மலை ஏறும்போதே அந்தப் பெண் உப்புப் பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். "இங்க அட்டையே கிடையாதும்மா, செருப்போடவே நடக்கலாம்" என்று பெருமையாகச் சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது. கணவன் காலைத் தூக்கி, வால்பாறையில் அட்டை கடித்த தழும்பைக் காட்டினான். பதக்கம் வாங்கியவன்கூட அப்படிக் காட்டி நான் பார்த்ததில்லை. அங்கே கூட்டிப்போனது யாரென்று நான் கேட்கவில்லை. கேட்காமலே மனோகரன் புகழைப் பாடிவிட்டுச் சொன்னான்:

"ஒரு அட்டகூட இல்லன்னா அப்புறம் இன்னா காடுங்க இது?"

ஐப்பசி மழைக்காடு

அன்றிலிருந்து, ஐப்பசியில் வருகிறவர்களிடம் "இதுவும் மழைக்காடுதாங்க" என்று சொல்ல ஆரம்பித்தேன். தப்பென்று இப்போதும் நினைக்கவில்லை. மழை பெய்கிறது, காடு இருக்கிறது, வேறென்ன வேண்டும்? பள்ளிக்கூட டீச்சர் முன் சீட்டில் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிவைத்தேன்.

வாணியம்பாடி மளிகைக் கடைக்காரர் ஒருவர் அதை நம்பி, பங்குனியில் சம்பந்தி வீட்டாரைக் கூட்டிக்கொண்டு மறுபடி வந்துவிட்டார். எங்கள் மலை மரங்களுக்கு மானம் மரியாதை பற்றிக் கவலை கிடையாது. மாசி பிறந்தால் இலை அத்தனையையும் கொட்டிவிட்டு நிற்கும். பார்த்த பக்கமெல்லாம் குச்சியும் பாறையும். சம்பந்தியம்மா முந்தானையால் விசிறிக்கொண்டார். கடைக்காரர் என்னைத் தனியே இழுத்துக் கேட்டார்:

"ஏம்பா, போன தடவ இங்க இருந்த காட்ட யாருக்கு வித்துட்ட?"

துபாய் மச்சான்

சரி, பங்குனியில் பாலைவனம் என்று சொல்லிப் பார்ப்போமே என்று தோன்றியது. அதற்கும் வீட்டிலேயே போட்டி. மனைவியின் தம்பி துபாயில், பயணிகளை ஜீப்பில் ஏற்றி மணல்மேட்டில் சுற்றுகிறான். ஓயாமல் ஒட்டகத்தோடு படம் அனுப்புவான். மனைவி அதைப் பார்க்கிற ஆசையோடு எங்கள் கல்யாண ஆல்பத்தைப் பார்த்ததில்லை. மழைக்காலத்தில் சகலைமேல், வெயில்காலத்தில் மச்சான்மேல் என்று என் பொறாமைக்கு ஓய்வே கிடையாது.

லீவில் வந்தவனை மலைக்கு அழைத்துப்போய், பயணிகள் காதில் விழும்படி, "உன் பாலைவனம் மாதிரியே இல்ல?" என்று கேட்டேன். அவன் புளியமர நிழலில் காலை நீட்டிப் படுத்தபடி சொன்னான்:

"மாமா, அங்க இப்டி ஒரு மரம் இருந்தா நான் ஏன் லீவு கேக்கப் போறேன்?"

டீச்சரின் போன்

பரீட்சையில், மழைக்காட்டுக்கு எடுத்துக்காட்டு கேட்டிருக்கிறார் டீச்சர். "பாதி கிளாஸ் ஜவ்வாது மலைன்னு எழுதி வெச்சிருக்குங்க! இது இலையுதிர் காடுன்னு தொண்டத்தண்ணி வத்த நடத்தினேனே" என்று போனில் பொரிந்தார். அசல் மழைக்காட்டைக் கண்ணெதிரே காட்டினால்தான் பிள்ளைகளுக்குத் தெளியுமாம். அதனால் இந்த வருஷம் வால்பாறையாம். அதோடு விட்டாரா, அங்கே தெரிந்த கைடு யாராவது உண்டா என்று வேறு கேட்டார். யாருமே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அடுப்படியிலிருந்து ஓடிவந்த மனைவி நம்பரையும் சொல்லி, நற்சான்றும் கொடுத்தாள்:

"நம்ம மனோகரு ரொம்ப நல்லா காட்டுவாருங்க டீச்சர்!"

கரடி

மாசியில் சகலை குடும்பத்தோடு வந்தார். மரியாதைக்காக மலைக்குக் கூட்டிப்போனேன். இலையில்லாத கிளைகளுக்கு நடுவே எதிர்ச் சரிவு முழுதும் தெரிந்தது. அங்கே ஒரு கரடி, சொந்த வீட்டு மாடி ஏறுவதைப் போல நிதானமாகப் பாறை ஏறிக்கொண்டிருந்தது. சகலை அப்படியே உட்கார்ந்துவிட்டார். "எங்க காட்டுல ஒண்ணும் கண்ணுல படாதுண்ணே. எலைக்கு மேல எல. அந்த ஸ்கூல் புள்ளைங்ககூட, ஒண்ணுமே தெரியலயேன்னு ஒரே பொலம்பல். சத்தத்த மட்டும் காட்டியே பொழைக்கிறேன்" என்றார். பிறகு பெருமூச்சு விட்டுச் சொன்ன வார்த்தையில் என் வயிறு குளிர்ந்தது:

"உங்களப் பாத்தா வயிறு எரியுதுண்ணே."

பழையபடி

அடுத்த வாரமே டீச்சர் கூப்பிட்டார். மழைக்காட்டைப் பார்த்த பிள்ளைகளுக்கு, இலை கொட்டிய காட்டையும் காட்டினால்தான் வித்தியாசம் புரியுமாம். அதனால் என் வேனுக்கே வருகிறார்களாம். சந்தோஷத்தில் எனக்குப் பேச்சு வரவில்லை. அது நல்லதுதான் என்பதுபோல அவர் சொன்னார்:

"அண்ணா, நீங்க வண்டிய மட்டும் ஓட்டுங்க, பாடத்த நான் பாத்துக்கிறேன்."

மழைக்காடு, பாலைவனம், எங்கள் மலை என்று பார்க்காமல் எங்கும் இலை உதிராமல் வளர்கிற ஒரே செடி பொறாமைதான்.